ஊருக்கு வந்து வண்டி எடுப்பதற்கு முன்: வெளிநாடுவாழ் தமிழர்களுக்கான ஓட்டுநர் உரிம வழிகாட்டி

பொங்கல் விடுமுறைக்கு மெல்போர்னிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா மகன், ஊர் வந்த மூன்றாம் நாள் மாலையில் சித்தப்பாவின் காரை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டான். அங்கே பத்தாண்டுகளாக ஓர் அபராதச் சீட்டுக்கூட வாங்காமல் ஓட்டியவன் என்பதால், அவன் ஓட்டுவதில் எங்களில் யாருக்கும் தயக்கமில்லை. வழியில் வாகனச் சோதனை நடந்துகொண்டிருந்தது. உதவி ஆய்வாளர் அவனுடைய உரிம அட்டையை வாங்கி, கைவிளக்கின் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "லைசென்ஸ் சரிதான் சார், இன்டர்நேஷனல் பர்மிட் எங்க?" என்று கேட்டார். அப்படி ஒன்று தேவை என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. செல்லத்தக்க உரிமமின்றி ஓட்டியதற்கு அவனுக்கு 5,000 ரூபாய். அப்படிப்பட்டவரிடம் வண்டியைக் கொடுத்ததற்கு, பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த சித்தப்பாவுக்கு இன்னொரு 5,000 ரூபாய். மீதித் தொலைவைச் சித்தப்பாவே ஓட்டினார். இரவில் வண்டி ஓட்டுவதை அவர் விட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த அனுமதியை மெல்போர்னில் இருந்தபோதே அவன் எளிதாக வாங்கியிருக்கலாம். இங்கே வந்த பிறகு, எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனாலும் அது கிடைக்காது. உரிமம் தொடர்பான வேலைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன: விமானம் ஏறுவதற்கு முன் செய்தால் சிறியவை, வந்திறங்கிய பின் மூன்று வார விடுமுறைக்குள் செய்ய முயன்றால் முடியாதவை. ஆகவே, பயணச்சீட்டு எடுத்த அன்றே இந்த வேலையைத் தொடங்குவது நல்லது. தமிழ்நாட்டுக்கு விடுமுறையில் வந்து, வீட்டு வண்டியையோ வாடகை வண்டியையோ தாமே ஓட்ட நினைப்பவர்களுக்காக, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: உங்களிடம் இருப்பது எந்த உரிமம் என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 3-ஆம் பிரிவில், செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இல்லாமல் எவரும் பொது இடத்தில் வாகனம் ஓட்டக் கூடாது என்கிறது. இங்கே பார்க்கப்படுவது குடியுரிமை அன்று, உரிமம்தான். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரானாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவரானாலும், வெளிநாட்டு உரிமம் மட்டுமே கையில் இருந்தால் இருவரின் நிலையும் ஒன்றுதான். "நான் இந்த ஊர்க்காரன், இங்கே பிறந்தவன்" என்பது சாலையில் எந்த உதவியும் செய்யாது.

எனவே நான்கில் ஒரு நிலையில்தான் நீங்கள் இருப்பீர்கள்: இன்னும் காலாவதியாகாத இந்திய உரிமம் இருக்கலாம், காலாவதியான இந்திய உரிமம் இருக்கலாம், வெளிநாட்டு உரிமம் மட்டும் இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். முதல் நிலையில் இருப்பவருக்குச் சர்வதேச அனுமதி தேவையில்லை. இந்திய உரிமமே போதும். வெளிநாட்டில் உரிமம் எடுத்துவிட்டதால் இந்திய உரிமம் தானாகவே செல்லாததாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டுநர் உரிமங்கள் வைத்திருக்கக் கூடாது என்னும் 6-ஆம் பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் இந்தியாவில் வழங்கப்படும் உரிமங்களைப் பற்றியது. ஆனால் வெளிநாட்டு உரிமமாக மாற்றித் தரும்போது உங்கள் இந்திய அட்டையை அந்நாட்டு அலுவலகம் வாங்கி வைத்துக்கொண்டிருந்தால், கையில் அட்டை இல்லாத நீங்கள் மூன்றாம் நிலையில் இருப்பதாகவே கொண்டு ஆயத்தம் செய்வது பாதுகாப்பு.

இரண்டாம் படி: இந்திய உரிமத்தின் தேதியைப் படியுங்கள்

இதை நினைவிலிருந்து சொல்லாதீர்கள். அட்டையை எடுத்துக் கண்ணால் பாருங்கள். அட்டை ஊரில் பீரோவில் இருந்தால், அம்மாவிடமோ அண்ணனிடமோ சொல்லி இருபக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டையில் முதலில் வழங்கிய தேதி, செல்லுபடியாகும் தேதி என்று ஒன்றுக்கு மேற்பட்ட தேதிகள் இருக்கும். சொந்த வாகனம் ஓட்டுவதற்கான தேதி "என்.டி." என்ற எழுத்துகளுக்கு அருகிலும், வாடகை மற்றும் சரக்கு வாகனங்களுக்கான தேதி "டி.ஆர்." என்ற எழுத்துகளுக்கு அருகிலும் அச்சிடப்பட்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது "என்.டி." தேதி.

பலரை ஏமாற்றுவது பழைய கணக்கு. 2019 செப்டம்பர் 1-க்கு முன்பிருந்த விதியின்படி, சொந்த வாகன உரிமம் 20 ஆண்டுகளுக்கு அல்லது 50 வயது வரை, இவற்றில் எது முன்னதோ அதுவரை செல்லும். 2006-இல் கல்லூரியில் சேர்ந்த கையோடு 18 வயதில் உரிமம் எடுத்து, பிறகு வளைகுடாவுக்கோ அமெரிக்காவுக்கோ போய்விட்ட தலைமுறைக்கு அந்த 20 ஆண்டுகள் 2026-இல் முடிகின்றன. "அது ரொம்ப நாளைக்கு இருக்கும்" என்று அலமாரியில் வைத்துவிட்டுப் போன அட்டைகள்தாம் இப்போது ஒவ்வொன்றாகக் காலாவதியாகிக்கொண்டிருக்கின்றன. திருத்தப்பட்ட விதியின்படி, 30 வயதுக்குட்பட்டவருக்கு 40 வயது வரையிலும், 30 முதல் 50 வயதுக்குள் இருப்பவருக்கு 10 ஆண்டுகளுக்கும், 50 முதல் 55 வயதுக்குள் இருப்பவருக்கு 60 வயது வரையிலும், அதற்கு மேற்பட்டவருக்கு 5 ஆண்டுகளுக்கும் உரிமம் வழங்கப்படுகிறது.

இன்னொரு பழைய நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டும். காலாவதியான பிறகும் 30 நாள்கள் வரை உரிமம் செல்லும் என்ற சலுகை முன்பு சட்டத்தில் இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. அட்டையில் உள்ள தேதி முடிந்த மறுநாள் ஓட்டினாலும் உரிமமின்றி ஓட்டியதாகவே கொள்ளப்படும்.

மூன்றாம் படி: புதுப்பிக்க வேண்டுமானால் ஓராண்டுக்கு முன்பே திட்டமிடுங்கள்

சட்டம் இங்கே நமக்குச் சாதகமாக இருக்கிறது. காலாவதியாவதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். காலாவதியான பின் ஓராண்டு வரையிலும் தேர்வில்லாமல் புதுப்பித்துக்கொள்ளலாம். உரிமம் 2027 மார்ச்சில் முடிகிறது, நீங்கள் 2026 ஜூலையில் ஊருக்கு வருகிறீர்கள் என்றால், அந்த ஜூலையிலேயே புதுப்பித்துவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு என்று தள்ளிப்போட்டால், அதற்குள் காலாவதியாகி, ஓராண்டுக் கெடுவும் கடந்து போகக்கூடும். அந்தக் கெடு கடந்துவிட்டால், ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற்றால்தான் புதுப்பிப்பார்கள். தாமதமான ஒவ்வோர் ஆண்டுக்கும் கூடுதல் கட்டணமும் சேரும்.

விண்ணப்பம் மத்திய அரசின் பரிவாகன் தளத்தில், சாரதி என்னும் பகுதியில் தொடங்குகிறது. ஆதார் சரிபார்ப்பின் வழியாக அலுவலகத்துக்குப் போகாமலே விண்ணப்பிக்கக்கூடிய சேவைகளின் பட்டியலை மத்திய அரசு 2021-இல் அறிவித்தபோது, தேர்வு தேவைப்படாத புதுப்பித்தலும் அதில் இடம்பெற்றது. இருந்தாலும் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மூன்று இடங்களில் தடுக்கி நிற்பதைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

முதலாவது, கைப்பேசி எண். ஆதாரிலும் உரிமப் பதிவிலும் இருப்பது பத்தாண்டுகளுக்கு முன் நீங்கள் பயன்படுத்திய எண்ணாக இருக்கும். அது இப்போது வேறொருவருடைய கையில் இருக்கலாம். ஓ.டி.பி. வராமல் எந்த வேலையும் நகராது. வந்ததும் முதல் வேலையாக ஆதார் சேவை மையத்துக்குப் போய், தற்போது இயங்கும் இந்திய எண்ணைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாவது, பழைய உரிமங்கள். புத்தக வடிவிலோ, கணினிமயமாக்கத்துக்கு முந்திய தாள் வடிவிலோ உரிமம் இருந்தால், அதன் விவரம் சாரதி தளத்தில் ஏறாமலே இருக்கக்கூடும். புறப்படுவதற்கு முன் உங்கள் உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்துத் தேடிப் பாருங்கள். விவரம் வரவில்லையென்றால், உரிமம் வழங்கிய அலுவலகத்தில் மூலப் பதிவேட்டைப் பார்த்து ஏற்றித் தரும்படி முதலில் கேட்க வேண்டும், அதற்கு நேரில்தான் போக வேண்டும். மூன்றாவது, முகவரி. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து உரிம அட்டைகள் விரைவு அஞ்சலில்தான் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றன. பதிவில் இருக்கும் முகவரியில் இப்போது வேறு யாரோ குடியிருந்தால், அட்டை திரும்பிவிடும். பெற்றோர் வீடு மாறியிருந்தால் முகவரி மாற்றத்தையும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

40 வயதைக் கடந்தவர்கள் பதிவு பெற்ற மருத்துவரிடம் படிவம் 1ஏ-இல் மருத்துவச் சான்று வாங்க வேண்டும். கண்ணாடி அணிபவராக இருந்தால் பரிசோதனைக்குக் கண்ணாடியோடு போங்கள்.

அட்டை அஞ்சலில் வருவதற்குள் உங்கள் விடுமுறை முடிந்துபோகலாம். அதனால் கவலை வேண்டாம். புதுப்பித்தல் பதிவேறிய பின் டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் உரிமத்தை எடுத்துக் காட்டினால், அது மூல ஆவணத்துக்கு இணையானதாகவே ஏற்கப்படும். வேறு செயலியில் சேமித்த படத்தையோ, வாட்ஸ்அப்பில் வந்த நகலையோ காட்டினால் அந்த மதிப்பு கிடையாது.

நான்காம் படி: வெளிநாட்டு உரிமம் மட்டும் இருந்தால், சர்வதேச ஓட்டுநர் அனுமதி

சர்வதேச அனுமதி என்பது தனியான உரிமம் அன்று. உங்கள் நாட்டு உரிமத்தில் உள்ள விவரங்களை வேறு நாட்டு அலுவலர் படித்துப் புரிந்துகொள்வதற்காகப் பல மொழிகளில் அச்சிடப்பட்ட, புகைப்படம் ஒட்டிய ஒரு சிறு புத்தகம் அது. ஆகவே அது மட்டும் கையில் இருந்தாலும் பயனில்லை, உரிம அட்டை மட்டும் இருந்தாலும் பயனில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். என் உரிமமே ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, மொழிபெயர்ப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சாலையில் அந்த வாதம் நிற்காது, விபத்துக்குப் பின் காப்பீட்டுக் கோரிக்கையிலும் நிற்காது. அதிகச் செலவில்லாத ஒரு புத்தகத்துக்காக அந்த வாதத்தைச் செய்து பார்க்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

இந்த அனுமதியில் இரண்டு மாதிரிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தின் கீழ் வழங்கப்படுவது. மற்றது 1968-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் கீழ் வழங்கப்படுவது. இந்தியா ஜெனீவா ஒப்பந்தத்தில் இணைந்த நாடு, வியன்னா ஒப்பந்தத்தில் இணையவில்லை. பிரிட்டன் போல இரண்டு மாதிரிகளையும் வழங்கும் நாட்டில் இருப்பவர்கள், இந்தியாவுக்கு என்று சொல்லி 1949 மாதிரியைக் கேட்டு வாங்க வேண்டும். சாம்பல் நிற அட்டை போட்ட அந்தப் புத்தகத்தை வாங்கியதும் அட்டையில் ஒப்பந்த ஆண்டைப் பாருங்கள். பிறகு கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: உங்கள் படமும், ஏ முதல் இ வரையிலான வாகன வகைகளும், நீங்கள் ஓட்டத் தகுதியுள்ள வகைகளுக்கு எதிரே முத்திரையும் இருக்கும். ஏ என்பது மோட்டார் சைக்கிள், பி என்பது கார். வேண்டிய வகைக்கு எதிரே முத்திரை இல்லையென்றால், அங்கேயே திருப்பிக் கொடுத்துச் சரிசெய்து வாங்குங்கள்.

1949 மாதிரி வழங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். ஆண்டுக்கொரு முறை ஊருக்கு வருபவர் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். போன தீபாவளிக்கு வாங்கியதை இந்தத் தீபாவளிக்கும் எடுத்து வருபவர்கள் தேதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எங்கே வாங்குவது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் அஞ்சலகங்களுக்குப் பதிலாக பேபாயிண்ட் வசதியுள்ள கடைகளில் 5.50 பவுண்டு கட்டணத்தில் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் ஏஏஏ என்னும் வாகன ஓட்டிகள் சங்கமும், கனடாவில் சிஏஏ சங்கமும், சிங்கப்பூரில் அந்நாட்டு ஆட்டோமொபைல் சங்கமும், ஆஸ்திரேலியாவில் மாநில வாகன ஓட்டிகள் சங்கங்களும் வழங்குகின்றன. மலேசியாவில் ஜே.பி.ஜே. என்று எல்லோரும் சொல்லும் சாலைப் போக்குவரத்துத் துறையே தருகிறது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள், உரிமம் வழங்கிய போக்குவரத்துத் துறையின் அதிகாரப்பூர்வத் தளத்தில் தொடங்குவதே சரி.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். இணையத்தில் "இன்டர்நேஷனல் லைசென்ஸ்" என்ற பெயரில், பத்தாண்டு செல்லும், இருபதாண்டு செல்லும் என்று சொல்லி அட்டைகள் விற்கும் தளங்கள் ஏராளமாக இருக்கின்றன. 1949 ஒப்பந்தத்தின் கீழ் ஓராண்டுக்கு மேல் செல்லும் அனுமதி என்று ஒன்று கிடையாது. அதை வைத்தே போலியை அடையாளம் காணலாம். இரண்டாவது, அனுமதியை உரிமம் வழங்கிய நாடுதான் தர முடியும். தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. அலுவலகம் படிவம் 4ஏ-இல் விண்ணப்பம் வாங்கி, 1,000 ரூபாய் கட்டணத்தில் சர்வதேச அனுமதி வழங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் அது இந்திய உரிமம் வைத்திருந்து வெளிநாடு செல்பவர்களுக்கானது. உங்கள் துபாய் உரிமத்துக்கோ டொரன்டோ உரிமத்துக்கோ இங்கே அனுமதி போட்டுத் தருகிறேன் என்று யாராவது தரகர் சொன்னால், அவர் கொடுக்கப்போவது செல்லாத காகிதம். அப்படியொரு காகிதத்தைச் சோதனையில் நீட்டுவது, ஒன்றுமே இல்லாமல் நிற்பதைவிடப் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும்.

ஐந்தாம் படி: எந்த வண்டியை ஓட்டலாம் என்று பாருங்கள்

ஊரில் நாம் அதிகம் எடுப்பது காரை அன்று; தெருமுனைக் கடைக்கும் சந்தைக்கும் போக, வாசலில் நிற்கும் ஸ்கூட்டரைத்தான். கார் உரிமம் இருக்கிறதே, இந்தச் சின்ன வண்டிக்கு என்ன என்று எடுத்துவிடுகிறோம். இந்தியாவில் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கும் இருசக்கர வாகன வகை உரிமத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டு உரிமத்தில் மோட்டார் சைக்கிள் வகை இல்லையென்றால், சர்வதேச அனுமதியில் ஏ வகைக்கு முத்திரை விழாது. முத்திரை இல்லாவிட்டால் ஸ்கூட்டரைத் தொடக் கூடாது. வந்திறங்கிய முதல் வாரத்தில் நடக்கும் தவறுகளில் இதுவே மிகப் பரவலானது என்பேன்.

அதேபோல, சிங்கப்பூரின் 3ஏ வகை, பிரிட்டனின் ஆட்டோமேட்டிக் உரிமம் போன்றவை தானியங்கிக் கியர் வண்டிக்கு மட்டுமானவை. உங்கள் உரிமத்தில் உள்ள கட்டுப்பாடு இந்தியாவிலும் உங்களைத் தொடரும். அப்பாவின் கார் கையால் கியர் மாற்றும் வண்டியானால், அதை ஓட்டும் தகுதி உங்கள் உரிமத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 16 வயதில் உரிமம் பெற்ற பிள்ளைகள், தாத்தா வீட்டுக் காரை எடுக்க ஆசைப்படுவார்கள். இந்தியாவில் கார் ஓட்டக் குறைந்தபட்ச வயது 18. வெளிநாட்டு உரிமம் அதை மாற்றாது. சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 199ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் ஆளாகலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை இந்திய உரிமம் கிடைக்காது. பேரன் கேட்கிறானே என்று சாவியைக் கொடுக்கும் தாத்தாவிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆறாம் படி: இந்தியாவிலேயே உரிமம் எடுக்க விரும்பினால்

உரிமமே இல்லாதவர்களும், அடிக்கடி வந்துபோவதால் நிலையான இந்திய உரிமம் வேண்டும் என்பவர்களும் நாள்களை எண்ணிப் பார்க்க வேண்டும். முதலில் எல்.எல்.ஆர். என்று நாம் சொல்லும் பழகுநர் உரிமம். அது ஆறு மாதம் செல்லும். அதை வாங்கி 30 நாள்கள் முடிந்த பிறகுதான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். மூன்று வார விடுமுறையில் இது நடக்காது. ஒரு விடுமுறையில் எல்.எல்.ஆர். எடுத்து, ஆறு மாதத்துக்குள் வரும் அடுத்த பயணத்தில் எட்டுப் போட்டுக் காட்டித் தேர்ச்சி பெறுபவர்கள் இருக்கிறார்கள். ஐந்தாறு வாரங்கள் தங்குபவர்கள் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம்.

வெளிநாட்டு உரிமம் வைத்திருப்பவர்களுக்குச் சட்டத்தில் ஒரு சலுகை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. 9-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு, இந்தியாவுக்கு வெளியே உள்ள நாட்டின் தகுதியுடைய அதிகாரி அந்த வகை வாகனத்துக்கு வழங்கிய உரிமத்தை வைத்திருப்பவர், மருத்துவத் தகுதியையும் காட்டினால், ஓட்டிக் காட்டும் தேர்வு தேவையில்லை என்று சொல்கிறது. இதை எப்படி நடைமுறைப்படுத்துகிறார்கள் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறுகிறது. ஆகவே வெளிநாட்டு உரிமம், கடவுச்சீட்டு, ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் அது, இந்திய முகவரிச் சான்று ஆகியவற்றின் மூலங்களையும் நகல்களையும் எடுத்துக்கொண்டு, மோட்டார் வாகன ஆய்வாளரை நேரில் பார்த்து, அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுப் பணிவோடு கேளுங்கள். உரிமம் ஆங்கிலத்தில் இல்லையென்றால், சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பையும் அந்த நாட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்து ஆதார் இல்லாதவர்களுக்கு இணையவழிச் சரிபார்ப்பு இயலாது என்பதால், இந்த நேர்முகப் பயணம் எப்படியும் தேவைப்படும்.

எல்.எல்.ஆர். மட்டும் கையில் வைத்துக்கொண்டு தனியாகக் காரை எடுத்துப் போகக் கூடாது. முழு உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல் எழுத்து இருக்க வேண்டும்.

ஏழாம் படி: வண்டியைக் கொடுப்பவரையும் நினைத்துப் பாருங்கள்

தொடக்கத்தில் சொன்ன சம்பவத்தில், அபராதத் தொகையைவிட எங்களை உறுத்தியது, 70 வயதில் முதன்முறையாகச் சித்தப்பாவின் பெயரில் ஒரு வழக்குச் சீட்டு வந்ததுதான். 180-ஆம் பிரிவு வண்டியின் உரிமையாளரை நேரடியாகப் பொறுப்பாக்குகிறது. 207-ஆம் பிரிவின்படி, உரிமமில்லாமல் ஓட்டப்பட்ட வண்டியைக் காவல்துறை பிடித்து நிறுத்தி வைக்கவும் முடியும்.

காப்பீடு இன்னும் கடுமையானது. ஓட்டியவருக்குச் செல்லத்தக்க உரிமம் இல்லையென்றால், வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கான கோரிக்கையை நிறுவனம் மறுத்துவிடலாம். அடிபட்ட மூன்றாம் நபருக்கு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையைப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம். 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி இது. மோட்டார் விபத்து இழப்பீடுகள் பல லட்சங்களில் வருபவை. அந்தத் தொகை ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் தலையில் விழுந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பார்த்துத்தான் சாவியை வாங்க வேண்டும்.

வீட்டு வண்டி பல மாதம் ஓடாமல் நின்றிருந்தால், காப்பீட்டுத் தேதியையும் புகைச் சான்றையும் வருவதற்கு முன்பே கேட்டுச் சரிசெய்து வையுங்கள். காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதல் முறைக்கு 2,000 ரூபாய், மறுமுறைக்கு 4,000 ரூபாய். வாடகைக்கு வண்டி எடுத்துத் தாமே ஓட்டுபவர்கள், எண் பலகை கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பலகை வண்டி தனியாருடையது. அதை வாடகைக்கு எடுத்தால் விபத்தின்போது காப்பீடு கைவிட்டுவிடும்.

எட்டாம் படி: சாலையில்

சீருடையில் உள்ள காவலர் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும். வெளிநாட்டு உரிமம் வைத்திருப்பவர் மூல அட்டை, சர்வதேச அனுமதிப் புத்தகம், நாட்டுக்குள் வந்த தேதி முத்திரையுள்ள கடவுச்சீட்டுப் பக்கத்தின் நகல் ஆகிய மூன்றையும் ஒரே உறையில் போட்டு வண்டியில் ஏறும்போதெல்லாம் எடுத்துக்கொள்வது நல்லது. வண்டியின் ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றை உரிமையாளரின் டிஜிலாக்கரிலிருந்து காட்டலாம். கேட்டதைப் பொறுமையாகக் கொடுத்து, எந்தப் பிரிவில் அபராதம் என்று கேட்டு, இ-சலான் ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதில்லாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

மது அளவில் வெளிநாட்டுக் கணக்கை நம்பாதீர்கள். இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை சட்டம் விட்டுவைக்கிறது; இந்தியாவில் அது 30 மில்லிகிராம்தான். முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். திருமண வீட்டில் ஒரு கோப்பை எடுத்தவர் அன்று சாவியைத் தொடாமல் இருப்பதே சரி.

அமெரிக்கா, கனடா, வளைகுடா, ஐரோப்பியப் பெருநிலம் ஆகிய இடங்களில் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள், முதல் இரண்டு நாள்கள் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு பகலில் மட்டும் ஓட்டுங்கள். நேரான சாலையில் தவறு நேர்வதில்லை. ஆளில்லாத குறுக்குச் சாலையில் திரும்பும்போதுதான் கை பழைய பக்கத்துக்குப் போகிறது.

விபத்து நேர்ந்தால், அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் சட்டக் கடமை. கூட்டத்தின் சீற்றத்தால் அங்கே நிற்க முடியாவிட்டால், அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு நேராகப் போங்கள். எப்படியும் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும்.

திரும்பிப் போவதற்கு முந்தின நாள், பரிவாகன் இ-சலான் தளத்தில் நீங்கள் ஓட்டிய வண்டியின் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். கேமரா பிடித்த வேக மீறலுக்கான செய்தி உரிமையாளரின் கைப்பேசிக்குத்தான் போகும், அதுவும் சில நாள் கழித்துக்கூடப் போகலாம். நிலுவை இருந்தால் அன்றே கட்டிவிட்டு, ரசீதை வண்டியின் ஆவணங்களோடு வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.